கதவைச் சாத்தும் கலை

பெட்ரோல் இஞ்சினுக்குள் கதவுகள் இருக்கின்றன. நாம் ஏறி இறங்குகிற கார்க் கதவுகளை நான் சொல்லவில்லை. அவற்றை எல்லோரும் அறிவார்கள். நான் சொல்லுகிற கதவுகள் இஞ்சினின் தலைக்குள் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கின்றன. நீண்ட காம்புள்ள காளானைப் போல இருக்கும். காளானின் குடை நம்முடைய பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. அதற்கு வால்வு என்று பெயர்.

ஒரு வால்வு காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உள்ளே விடுகிறது, விட்டபின் சாத்திக்கொள்கிறது. உள்ளே ஒரு பொறி பறக்கிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அப்புறம் இன்னொரு வால்வு திறந்து புகையை வெளியே அனுப்புகிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது, இந்தக் கதவுகளில் ஒவ்வொன்றும் வினாடிக்கு 50 தடவை திறந்து 50 தடவை சாத்தவேண்டும். நம் வீட்டில் ஒரு பையன் வாசற்கதவை அவ்வளவு தடவை திறந்து மூடினால் வீடு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கதவுகளை யார் திறப்பது, யார் சாத்துவது என்ற கேள்விக்கு முந்நூறு வருஷத்துச் சரித்திரம் உண்டு. அதில் ஓர் அத்தியாயம் தோல்வியில் முடிந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நாவல் எழுதுகிறவனுக்கு இஞ்சினுக்குள் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். மகா புத்திசாலிகளான சிலர், நியாயமான ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, இருபது முப்பது வருஷம் பாடுபட்டு அதைச் செய்தும் காட்டினார்கள். உலகம் "ரொம்ப நன்றாயிருக்கிறது, ஆனால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. இது கதை எழுதுகிறவனுடைய பேட்டை இல்லையென்றால் வேறு யாருடைய பேட்டை?

கதை ஒரு சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. 1712-ஆம் வருஷம் இங்கிலாந்தில் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் தாமஸ் நியூகாமன் என்பவர் நிலக்கரிச் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க ஒரு நீராவி யந்திரம் நிறுவினார். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை தலையை ஆட்டும் ராட்சஸ யந்திரம் அது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீராவியை உள்ளே விட ஒரு வால்வைத் திறக்கவேண்டும்; பிறகு அதை மூடிவிட்டு, நீராவியைக் குளிரவைக்கும் தண்ணீருக்கு இன்னொன்றைத் திறக்கவேண்டும். இந்த வேலைக்கு ஹம்ஃப்ரி பாட்டர் என்ற சிறுவனை வைத்திருந்தார்களாம். பையனுக்கு விளையாடப் போகவேண்டும். யந்திரத்தின் பெரிய உத்தரம் மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தான். அதற்கும் வால்வுகளின் கைப்பிடிக்கும் கயிறு கட்டிவிட்டான். யந்திரம் தன் கதவைத் தானே திறந்து மூடிக்கொண்டது. பையன் விளையாடப் போய்விட்டான்.

1744-இல் டெஸாகுலியர்ஸ் என்ற பண்டிதர் இந்தக் கதையைப் பெயர் சொல்லி எழுதிவைத்தார். 1776-இல் ஆடம் ஸ்மித் தமது பொருளாதாரப் புத்தகத்தில், பெயரைச் சொல்லாமல், வேலை செய்கிறவன் தன் சிரமத்தைக் குறைத்துக்கொள்ளவே புது உபாயங்களைக் கண்டுபிடிக்கிறான் என்பதற்கு உதாரணமாக இதையே காட்டினார். நியூகாமனுடைய யந்திரம் ஆரம்பத்திலிருந்தே தானே இயங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கவேண்டும், பையன் வெறும் கட்டுக்கதை என்று பிற்காலச் சரித்திரக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். இருக்கட்டும். கதை பொய்யானாலும் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. கயிறு கட்டுவதற்கு முன் வால்வுக்குப் பக்கத்தில் இரண்டு கண்கள் இருந்தன. நீராவி குறைந்தால், பையன் ஒரு கணம் தாமதித்துத் திறக்கலாம். தண்ணீர் மிகுந்தால் சீக்கிரம் மூடலாம். கயிற்றுக்கு அந்த விவேகம் கிடையாது. உத்தரம் ஆடினால் அது இழுக்கும். பையன் போனதோடு பார்வையும் போயிற்று.

பெட்ரோல் இஞ்சின் பிறந்தபோது இந்தக் கயிறு இரும்பாக மாறியிருந்தது. 1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ நான்கு வீச்சு இஞ்சினைச் செய்தார். காட்லீப் டெய்ம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885-இல் அதைச் சிறிதாக்கி வேகமாக ஓடச் செய்தார்கள். அவர்கள் உள்ளே விடுகிற வால்வுக்கு யாரையுமே நியமிக்கவில்லை. ஒரு மெல்லிய ஸ்பிரிங் மட்டும் வைத்தார்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலில் கதவு தானே திறந்துகொள்ளும். உறிஞ்சல் நின்றதும் ஸ்பிரிங் சாத்திவிடும். காற்றடித்தால் ஜன்னல் திறப்பதைப் போலத்தான். ஆனால் வேகம் ஏற ஏற, காற்றை நம்பியிருக்கும் ஜன்னல் என்ன செய்யும்? படபடவென்று அடித்துக்கொள்ளும். 1901-இல் மைபாக் அமைத்த முதல் மெர்ஸிடஸ் காரில் உள் வால்வுக்கும் வெளி வால்வுக்கும் சேர்த்து இரும்பு எஜமானன் வந்துவிட்டான். அந்த எஜமானனுக்குக் கேம் ஷாப்டு என்று பெயர்.

புதுப்பேட்டையில் பழைய மோட்டார் சாமான்கள் விற்கும் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் உண்டு. பழைய அம்பாசிடர் இஞ்சினிலிருந்து கழற்றிய கேம் ஷாப்டு ஒன்றை ஒருநாள் என் கையில் கொடுத்தார். ஒரு முழத்துக்கு மேல் நீளம்; நல்ல கனம்; உடம்பு முழுவதும் முட்டை வடிவத்தில் மேடுகள்.

"இந்த மேடு எதற்கு, பாய்?" என்று கேட்டேன்.

"மேடு வரப்போ வால்வு தொறக்கும். மேடு போச்சுன்னா ஸ்பிரிங் மூடிடும். எப்போ தொறக்கணும், எவ்ளோ தொறக்கணும், எப்போ மூடணும், எல்லாம் இதுலயே எழுதியிருக்கு சார். இதான் வண்டியோட தலையெழுத்து" என்றார் அவர்.

அதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தலையெழுத்து என்பதில் இரண்டு குணங்கள் உண்டு. அது தவறாது, மாறவும் மாறாது. கேம் ஷாப்டு லட்சம் மைல் ஓடினாலும் ஒரு தடவைகூட மறந்துபோவதில்லை. ஆனால் பட்டறையில் எந்த வடிவத்தில் கடைந்தார்களோ, அந்த வடிவத்தில் கடைசி நாள்வரை இருக்கும்.

அதிலே என்ன கஷ்டம்? திருவிழாவன்று கோயில் வாசலைப் பாருங்கள். கூட்டம் வேகமாக உள்ளே பாய்கிறபோது, கதவைச் சற்றுத் தாமதமாகச் சாத்தினால் இன்னும் நாலு பேர் உள்ளே வந்துவிடுவார்கள். பின்னாலிருந்து வரும் நெருக்கம் அவர்களைத் தள்ளிவிடும். சாதாரண நாளில் அதே மாதிரி திறந்துவைத்தால் உள்ளே வந்தவர்கள் வெளியே போய்விடுவார்கள். காற்றும் அப்படித்தான். இஞ்சின் வேகமாக ஓடும்போது தாமதமாகச் சாத்தவேண்டும். மெதுவாக ஓடும்போது சீக்கிரம் சாத்தவேண்டும். கேம் ஷாப்டு இரண்டுக்கும் நடுவாக ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நஷ்டப்படுகிறது.

இன்னொரு நஷ்டம் இதைவிடப் பெரியது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது இஞ்சினுக்கு முழுக் காற்றும் தேவையில்லை. வால்வோ தன் தலையெழுத்துப்படி முழுவதும்தான் திறக்கும். ஆகையால் வெளியே, குழாயின் வாயில், ஒரு தகட்டை வைத்துக் காற்றின் வழியை அடைத்தார்கள். திராட்டில் என்பது அதுதான். காலால் அழுத்தினால் தகடு திறக்கும். காலை எடுத்தால் அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனைப்போல, இஞ்சின் அடைத்த வாய் வழியாக மூச்சை இழுத்து இழுத்துத் தன் பலத்தில் ஒரு பகுதியை அதிலேயே செலவழிக்கிறது. நகரத்தில் ஓடும் கார் பெட்ரோலை வீணாக்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். உள் வால்வையே தேவையான அளவு காற்று வந்தவுடன் சாத்திவிட முடியுமானால், அந்தத் தகடே வேண்டியதில்லை. ஆனால் தலையெழுத்தை யார் மாற்றுவது?

மாற்றுவதற்கு வெகு காலம்வரை பெரும்பாலோர் முனையவில்லை. எல்லோருக்கும் வேகத்தில்தான் மோகம். 1912-இல் பிரான்சின் பெருவிலைப் பந்தயத்தில் பெஜோ கம்பெனியின் கார், இஞ்சினின் தலைமேல் இரண்டு கேம் ஷாப்டுகளும் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகளுமாக வந்து, தன்னைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு பெரிய இஞ்சின் வைத்திருந்த ஃபியட் காரை முந்தியது. இன்று வீதியில் போகும் சாதாரணக் கார்களிலும் பெரும்பாலும் அந்த அமைப்புத்தான். வேகம் மேலும் ஏறியபோது ஸ்பிரிங்குகள் திணறின. மேடு கீழே போய்விடும். வால்வு அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும். அதற்குள் பிஸ்டன் மேலே வந்து மோதும். இதற்காக மெர்ஸிடஸ் கம்பெனி 1954-இல் தன் பந்தயக் கார்களில் ஸ்பிரிங்கை நம்பாமல், திறக்க ஒரு கேமும் சாத்த ஒரு கேமும் வைத்தது. அந்தக் காரில் ஃபாங்கியோ முதல் பந்தயத்திலேயே ஜயித்தார். இத்தாலியில் ஃபாபியோ டாலியோனி அதே தத்துவத்தை 1956-இல் டுக்காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். 1986-இல் ரெனோ கம்பெனி பந்தய இஞ்சினில் கம்பிச் சுருளுக்குப் பதிலாக அழுத்திய வாயுவையே ஸ்பிரிங்காக வைத்தது. இவை அனைத்தும் தலையெழுத்தை இன்னும் வேகமாக நிறைவேற்றுகிற உபாயங்கள். எழுத்து என்னவோ அப்படியேதான் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மின்சாரம் கதைக்குள் வருகிறது. வாசகர்கள் முன்னமே கேட்டிருப்பார்கள்: "வால்வுக்குப் பக்கத்தில் ஒரு மின்காந்தத்தை வைத்தால் என்ன? பொத்தானை அழுத்தினால் அழைப்பு மணி அடிக்கவில்லையா? அதைப்போல மின்சாரம் விட்டால் திறக்கட்டும், நிறுத்தினால் மூடட்டும்!" கேள்வி நியாயமானதுதான். அப்படிச் செய்துவிட்டால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு காவற்காரன் கிடைத்துவிடுவான். வேகம் எவ்வளவு, குளிர் எவ்வளவு, ஓட்டுகிறவர் எவ்வளவு அழுத்துகிறார் என்று பார்த்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தனித்தனியே நேரம் குறிப்பான். 1712-இல் விளையாடப் போன ஹம்ஃப்ரி பாட்டர் திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி ஆகும்.

ஆனால் காந்தத்துக்கு ஒரு கெட்ட சுபாவம் உண்டு. பணக்கார உறவினர்களிடம் சிலசமயம் அதைப் பார்க்கலாம். தேவையான சமயத்தில் தூரத்தில் இருப்பவனுக்கு உதவி செய்யமாட்டார்கள். அவன் எப்படியோ பக்கத்தில் வந்துவிட்டால் கட்டித் தழுவி மூச்சுமுட்டச் செய்வார்கள். இடைவெளி இரண்டு மடங்கானால் காந்தத்தின் இழுப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். வால்வு நகரவேண்டியது 8 மில்லிமீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து இழுக்கவேண்டுமென்றால் இஞ்சினைவிடப் பெரிய காந்தம் வேண்டும்போல் ஆகிவிடும். அப்படி இழுத்தாலும், கடைசி மில்லிமீட்டரில் இழுப்பு மலைபோல் எழும்பி, வால்வை இருக்கையில் ஓங்கி அறைந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு ஓர் அழகான விடையை ஜெர்மனியில் ஆஹன் நகரத்துப் பேராசிரியர் ஃபிரான்ஸ் பிஷிங்கரும் அவரோடு பீட்டர் க்ராய்ட்டரும் கண்டுபிடித்தார்கள். 1984-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். அதை விளக்க நமக்கு ஊஞ்சலைவிட வேறு நல்ல உதாரணம் கிடையாது.

கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான தேக்குப் பலகை. அதை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கையால் தூக்கிப்போவதானால் பலசாலி வேண்டும். ஆனால் இந்தப் பக்கம் ஒருவர் பிடித்துவைத்திருந்து கையை விட்டால், அது தானே அந்தக் கோடிக்குப் போகும். அங்கே நிற்பவர் கடைசி இரண்டு விரற்கடை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டால் போதும். பிஷிங்கர் செய்தது இதுதான். வால்வை இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் கட்டினார். ஒன்று திறக்கத் தள்ளும். மற்றது சாத்தத் தள்ளும். இரு கோடியிலும் ஒவ்வொரு மின்காந்தம். மேல் காந்தம் பிடியை விட்டதும் ஸ்பிரிங்குகள் வால்வை மறு கோடிக்கு வீசும். கீழ்க் காந்தம் பிடித்துக்கொள்ளும். பிரயாணத்துக்கு வேண்டிய சக்தி ஸ்பிரிங்கினுடையது. காந்தம் பிடிப்பதும் விடுவதுமே வேலை. பக்கத்தில் வந்தவனைப் பிடிக்கிறதில்தான் காந்தம் சூரனாயிற்றே! அதன் கெட்ட சுபாவத்தையே நல்ல காரியத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

மின்சாரம் இல்லாதபோது வால்வு இரண்டு கோடிக்கும் நடுவில், பாதி திறந்து நிற்கும். ஆகையால் காரைக் கிளப்பும்போது காந்தங்கள் மாறி மாறிச் சிறிது சிறிதாக இழுத்து, குழந்தை ஊஞ்சலை உந்தி உந்தி ஆட்டுவதைப்போல ஆட்டத்தைப் பெரிதாக்கி, ஒரு கோடியில் பிடித்து நிறுத்தவேண்டும். இதையும் செய்துகாட்டினார்கள். 1990-களில் ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் பெரிய கார் கம்பெனிகள் இந்த முயற்சியில் இறங்கின. கேம் ஷாப்டே இல்லாத பெட்ரோல் இஞ்சின்கள் சோதனைச்சாலைகளில் ஓடின. பெட்ரோல் செலவு நூற்றுக்குப் பத்து முதல் இருபதுவரை குறையும் என்று சொன்னார்கள்.

இனித்தான் வில்லன் வருகிறான். அவன் பெயர் மென்மை.

ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வால்வு பறப்பதற்கு ஏறக்குறைய மூன்று மில்லிவினாடி ஆகிறது. ஒரு வினாடியை ஆயிரமாகப் பிளந்து அதில் மூன்று துண்டு. நடுவழியில் அதன் வேகம் வினாடிக்கு நாலு மீட்டர், அதாவது சைக்கிளில் போகிறவனுடைய வேகம். போய்ச் சேருகிற இடத்தில் வேகம் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. இருந்தால் டக்கென்று அறையும். ஒரு அறை இல்லை. பதினாறு வால்வுகள், வினாடிக்குப் பல பத்துத் தடவை. கொல்லன் பட்டறையை மடியில் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்ய யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். அதோடு வால்வும் இருக்கையும் சீக்கிரம் தேய்ந்து உடையும். அதற்குப் பயந்து மிகவும் மெதுவாக விட்டால், வால்வு கோடிவரை எட்டாமல் திரும்பி நடுவில் தள்ளாடும். அந்த மூச்சு வீணாகும்.

கேம் ஷாப்டு இந்தக் காரியத்தை எப்படிச் செய்கிறது? மேட்டின் இறக்கத்தில் கடைசிப் பகுதியை மிகச் சாய்வாகக் கடைந்திருப்பார்கள். தூங்கும் குழந்தையின் அறைக்கதவைத் தாய் சாத்துவதைப்போல, கடைசியில் மெள்ள மெள்ள வைக்கும். அதற்கு மூளை தேவையில்லை, வடிவமே போதும். அதோடு இஞ்சின் நிதானமாக ஓடும்போது கேமும் நிதானமாகச் சாத்தும். ஊஞ்சலோ, இஞ்சின் ஓடினாலும் நடந்தாலும் தன்னுடைய மூன்று மில்லிவினாடியை மாற்றிக்கொள்ளாது. சந்தடி இல்லாமல் கார் சிக்னலில் நிற்கும்போதுகூட, அதே வேகத்தில் வந்து மோதும். சத்தம் மிக நன்றாகக் கேட்பதும் அப்போதுதான்.

மோதாமல் பிடிக்கவேண்டுமானால் வால்வு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் தெரியவேண்டும். அதற்கு ஒரு கருவி. கணக்குப் போட ஒரு கருவி. காந்தத்துக்கு மின்சாரத்தை ஏற்றி இறக்க ஒரு கருவி. வெளி வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் எரிந்த வாயு எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பு ஒரு தடவைபோல மறு தடவை இருப்பதில்லை. உஷ்ணத்தில் வால்வின் காம்பு நீளும். எண்ணெய் குளிரில் கெட்டிப்படும். மிச்சிகன் சர்வகலாசாலை முதலிய இடங்களில் ஆராய்ச்சியாளர்கள் இதற்காகப் பல கணித முறைகளை வகுத்தார்கள். போன வீச்சில் எவ்வளவு பலமாக மோதியது என்பதைப் பார்த்து அடுத்த வீச்சைத் திருத்திக்கொள்ளும் முறையும் அவற்றில் ஒன்று. அதாவது அந்தச் சின்ன ஹம்ஃப்ரி அடிபட்டு அடிபட்டுப் பாடம் கற்றான்.

மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேறு வழியில் போனார்கள். காந்தத்துக்குப் பதிலாக ஒரு சிறிய மோட்டாரை வைத்து, அதற்கும் வால்வுக்கும் நடுவில் வளைந்த பள்ளமுள்ள ஒரு தட்டைப் பொருத்தினார்கள். பள்ளத்தின் இரு முனைகளும் தட்டையாக இருப்பதால், மோட்டார் எந்த வேகத்தில் வந்தாலும் வால்வு கடைசியில் மெள்ளத்தான் இறங்கும். மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அந்தத் தட்டு என்ன என்று உற்றுப் பாருங்கள். ஒரு சின்னக் கேம்! வீட்டைவிட்டுத் துரத்திய கிழவரைக் கொல்லைப்புறமாக அழைத்துவந்து, "கதவைச் சாத்துவதற்கு மட்டும் கொஞ்சம் கைகொடுங்கள்" என்று கேட்டுக்கொண்ட மாதிரி ஆயிற்று.

மின்சாரச் செலவும் ஒரு தடை. பதினாறு வால்வுகளையும் முழு வேகத்தில் ஆட்ட இரண்டு மூன்று கிலோவாட் வேண்டும். குளியலறையில் வெந்நீர் போடும் கருவி சாப்பிடுகிற அளவு அது. காரின் 12 வோல்ட் ஏற்பாடு அதைத் தாங்காது. இதற்கும் இதைப்போன்ற மற்றத் தேவைகளுக்குமாக, கார்களையெல்லாம் 42 வோல்ட்டுக்கு மாற்றிவிடவேண்டும் என்று 1990-களின் கடைசியில் உலகத்துக் கார் கம்பெனிகள் கூடிப் பேசின. ஜப்பானில் டொயோட்டா 2001-இல் அப்படி ஒரு காரை விற்பனைக்கும் கொண்டுவந்தது. ஆனால் ஒவ்வொரு விளக்கையும் விசையையும் மோட்டாரையும் மாற்றும் செலவை நினைத்து மற்றவர்கள் பின்வாங்கினார்கள். சில வருஷங்களில் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது.

இதற்கிடையில் கிழட்டுக் கேம் ஷாப்டு சும்மா இருக்கவில்லை. தலையெழுத்தை அழிக்க முடியாவிட்டாலும் பரிகாரம் செய்யலாம் அல்லவா? ஆல்ஃபா ரோமியோ 1980-இலேயே ஒரு பரிகாரம் செய்திருந்தது. கேம் ஷாப்டைக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகத் திருப்பி வால்வு நேரத்தை மாற்றியது. ஹோண்டா 1989-இல் ஒரே தண்டில் இருவகை மேடுகளை வைத்து, மெதுவான ஓட்டத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 2001-இல் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு நெம்புகோலை நுழைத்து, கதவு எவ்வளவு திறக்கிறது என்பதையே மாற்றி, மூக்கைப் பிடிக்கும் தகட்டின் வேலையை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டது. 2009-இல் ஃபியட் கம்பெனி, கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் எண்ணெயை வைத்து, அந்த எண்ணெயை வேண்டும்போது மின் விசையால் வெளியே விட்டது. மின்காந்தம் தருவதாகச் சொன்ன லாபத்தில் பெரும்பகுதியை இவை குறைந்த செலவில், சத்தமில்லாமல் கொடுத்துவிட்டன.

பிரான்சின் வாலியோ கம்பெனி 2000-களின் நடுவில், இதோ சில வருஷங்களில் மின்காந்த வால்வு வந்துவிடும் என்று அறிவித்தது. வரவில்லை. 2016-இல் சீனாவின் குவாங்சௌ கண்காட்சியில், அழுத்திய காற்றால் வால்வைத் தள்ளும் ஸ்வீடன் நாட்டு ஏற்பாடு ஒன்றை வைத்துக் கேம் ஷாப்டு இல்லாத கார் ஒன்றைக் காட்டினார்கள். அதுவும் கண்காட்சியோடு நின்றது.

அப்படியானால் கேம் ஷாப்டு எங்குமே தோற்கவில்லையா? தோற்றது, மோட்டார்க் காரில் அல்ல, கடலில். 2001 முதல் பெருங்கப்பல்களின் டீசல் இஞ்சின்களில் கேம் ஷாப்டு மறையத் தொடங்கியது. மின்னணுக் கருவி நேரம் பார்த்துச் சொல்ல, எண்ணெயின் அழுத்தம் வால்வைத் திறக்கிறது. எம்மா மேர்ஸ்க் என்ற பெரிய கப்பலுக்கு 2006-இல் வைத்த இஞ்சினின் எடை 2300 டன். அதிலும் இந்த ஏற்பாடுதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? கப்பல் இஞ்சின் நிமிஷத்துக்கு நூறு சுற்றுத்தான் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு அரை வினாடிக்கு மேல் அவகாசம். பார்க்கவும் நேரம் இருக்கிறது, யோசிக்கவும் நேரம் இருக்கிறது, மென்மையாகச் சாத்தவும் நேரம் இருக்கிறது. அதோடு வருஷம் முழுவதும் கடலில் ஓடும் கப்பலுக்கு எண்ணெய்ச் செலவில் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலும் பெரிய தொகை. அவகாசமும் ஆதாயமும் சேர்ந்து வந்த இடத்தில் ஹம்ஃப்ரிக்கு வேலை கிடைத்தது.

சரித்திரத்தின் வேடிக்கை இதோடு முடியவில்லை. கார் இஞ்சினின் கதவைத் திறக்கும் சிறு உத்தியோகம்கூட மின்காந்தத்துக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தோம். 2010-களில் அதே மின்காந்தம் சக்கரத்தைச் சுற்றும் பெரிய உத்தியோகத்துக்கு வந்துவிட்டது. மின்சாரக் காரில் வால்வு இல்லை, கேம் ஷாப்டு இல்லை, சிலிண்டரும் இல்லை. வாயிற்காப்போன் வேலைக்கு மனுப்போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவன், சில வருஷம் கழித்து அரண்மனையையே விலைக்கு வாங்கிக்கொண்டு வந்த கதையாக இருக்கிறது. 42 வோல்ட்டுக் கனவும் சற்று உருமாறி, 48 வோல்ட்டாகப் பல பெட்ரோல் கார்களுக்குள் வந்துவிட்டது. அன்று வால்வுக்காகத் தேடியவை கிடைத்தபோது, வால்வுக்கே அவசியம் குறைந்துகொண்டிருந்தது.

பிஷிங்கரும் அவரைப் பின்பற்றியவர்களும் செய்த தவறு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். தவறு ஒன்றும் அகப்படவில்லை. கணக்குச் சரி, நோக்கம் சரி, ஊஞ்சல் அற்புதம். கண்ணில்லாத இரும்புக்குக் கண் கொடுக்கவேண்டும் என்று நினைத்தார்கள், கொடுத்தும் காட்டினார்கள். ஆனால் கண் உள்ளவன் ஒவ்வொரு தடவையும் கவனிக்கவேண்டும். வினாடிக்கு ஐம்பது தடவை, வருஷக்கணக்காக, ஒரு தடவைகூட அசராமல் கவனிக்கவேண்டும். இரும்புக்கு அந்தப் பாரம் கிடையாது. ஒருமுறை நன்றாக யோசித்து அதன் உடம்பில் எழுதிவிட்டால், அப்புறம் அது யோசிக்கவேண்டியதே இல்லை. விவேகத்துக்குச் செலவு உண்டு, பழக்கத்துக்குச் செலவு இல்லை என்பதை வீடு நடத்துகிற எந்தப் பெண்மணியைக் கேட்டாலும் சொல்லுவாள். அவசரமான வேலைகளை எல்லாம் அவள் பழக்கத்திடம் விட்டிருப்பாள். நிதானமாகச் செய்யக்கூடிய காரியங்களுக்கு மட்டுமே யோசனையை வைத்துக்கொள்வாள்.

இன்றைக்கும் நம் தெருவில் போகும் பெட்ரோல் வண்டிகள் அநேகமாக ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த முட்டை மேடுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பச்சை விளக்குக்காகக் கார் நிற்கும்போது, ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் அநேகமாக ஒன்றும் கேட்காது. வினாடிக்கு எத்தனையோ தடவை கதவுகள் சாத்தப்படுகின்றன என்பதும், அவற்றை அவ்வளவு மெதுவாகச் சாத்துவதற்கு ஆஹனிலும் மிச்சிகனிலும் நிபுணர்கள் எத்தனை இரவுகள் கண் விழித்தார்கள் என்பதும், அந்த நிசப்தத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது.